பிரிக்சம் ரயிலும் டார்னெய்ட் வீடும்

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த அங்கிளின் வரவேற்பறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருந்தது. கல் கட்டிய துறைமுகம், நெருக்கியடித்து நிற்கும் மீன்பிடிப் படகுகள், அவற்றின் பின்னால் படிப்படியாக மேலேறும் வீடுகள். வருகிறவர்கள் எல்லோரும் படகுகளைத்தான் பார்ப்பார்கள். அங்கிளோ படத்தின் மேல் விளிம்பைத் தொட்டு, "ஸ்ரேசன் இதுக்கும் மேல. படத்துக்குள்ள வரேல்லை" என்பார்.

அது இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிரிக்சம். அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கப் போன அங்கிள், அங்கே படகு இயந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை பழகியவர். எனக்கோ சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் எடுத்ததும் அந்தப் பைத்தியத்தால்தான். அப்பாவின் நண்பராக இருந்தவர் அப்படித்தான் என் கூட்டாளியானார். பிரிக்சம், செம்பழுப்புப் பாய் விரித்த இழுவைப் படகுகளுக்குப் பெயர்போன ஊர். கரை செங்குத்தாக ஏறுவதால் ரயில் நிலையத்தை மேட்டில் வைத்தார்கள். துறைமுகத்து மீனை வண்டியில் ஏற்றி மேலே கொண்டு போனால், குட்டிக் கிளைப்பாதை அதைப் பெரிய பாதையில் சேர்த்துவிடும், பிறகு லண்டன்வரை தடையில்லை. இதையெல்லாம் நான் நூலகத்தில் படித்துவிட்டு மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "உன்ர புத்தகத்தில மணம் இல்லையே பிள்ளை. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினாலும் மீன் மணத்தோடதான் இறங்குவாய்" என்பார். அவர் அங்கே இருந்தபோதுதான் அந்தப் பாதையை மூடினார்கள். கடைசி ரயிலைப் பார்க்க ஊரே மேடேறி வந்ததாம். பேச்சு அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் அவர் தேநீர் போட எழுந்து போய்விடுவார்.

அங்கிளின் மனைவி, எங்கள் அன்ரி, காலமானது இரண்டாயிரத்து எட்டில். பார்வைக் குறையால் அங்கிள் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. அன்ரிதான் ஓட்டுவா. மெல்பேர்னில், டார்னெய்ட்டில் புது வீடு கட்டியிருந்த மகன், அப்பாவைத் தன்னோடு வந்துவிடும்படி கேட்டார். அங்கிள் ஒரே பிடியாக நின்றார்: "அங்க ஸ்ரேசன் இல்லை. நான் வரேல்லை." அந்த மகனை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நீதானே ரயில்காரி. நீ சொன்னால் கேப்பார். அவருக்கு அறை இருக்கு, பேரப்பிள்ளையள் இருக்கு. ஸ்ரேசன் ஒரு காரணமே?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விவாதத்துக்குப் போவதுபோல் ஆயத்தமாகிப் போனேன். "அங்கிள், ரயில் போனதால பிரிக்சம் செத்துப் போச்சோ? இண்டைக்கும் அங்க பெரிய மீன் சந்தை நடக்குது. மீனெல்லாம் லொறியில போகுது. அந்த ரயில் போய் நாப்பது வருசத்துக்கு மேல, நீங்கள்தான் இன்னும் பிளாற்போமில நிக்கிறீங்கள்!"

அவர் கோபிக்கவில்லை. கதிரையைச் சற்றே முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓம் பிள்ளை, மீன் லொறியில போகும். மீனுக்கு லிஃப்ற் கேக்க வெக்கமில்லை."

கோயில் முடிந்து, கார்கள் நிற்கும் இடத்தில், கையில் பிரசாதத்தோடு காத்திருக்கும் பெரியவர்கள் என் கண்முன் வந்தார்கள். மகனோ மருமகளோ யாருடனோ பேசி முடிக்கும்வரை அவர்கள் நிற்பார்கள். கால் நொந்தாலும் "வீட்டை போவமோ?" என்று கேட்க மாட்டார்கள். பிரிக்சத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அங்கிள் பேசிக்கொண்டிருந்தது பிரிக்சத்தைப் பற்றியே அல்ல.

அன்று மாலையே அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணா, ஹோப்பர்ஸ் குரோசிங்கில ஸ்ரேசனுக்கு நடக்கிற தூரத்தில ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாருங்கோ. உங்கட வீட்டில இருந்து காரில கிட்டத்தானே."

"உன்னை அவரோட கதைக்கச் சொன்னால், நீ அவற்ற பக்கம் சேர்ந்திட்டாய். மகன் வீடிருக்க அப்பாவை வாடகை வீட்டில விட்டிருக்கிறான் எண்டு சனம் கதைக்காதோ?"

"கதைக்கும்தான். அவர் சிட்னியில தனிய இருந்தால் மட்டும் கதைக்காதோ?"

அண்ணா இரண்டு கிழமை கழித்து வீடு பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் அப்பாவுடன் மட்டும் பேசினார்; அங்கிளும் அங்கே குடிபோனார். என்னுடன் சில மாதங்கள் பேசவேயில்லை.

சென்ற மாதம் நான் மெல்பேர்னுக்குப் போனேன். ரயிலிருக்க விமானத்தில் போக எனக்கென்ன விசரா? பகல் முழுக்க ரயிலில் ஜன்னலோரம் இருந்து, பொழுதுபட சதர்ன் குரோஸ் நிலையத்தில் இறங்கினேன். தடுப்புக்கு வெளியே அங்கிள் நின்றார், முன்னைவிட ஒரு சாண் உயரம் குறைந்தவர்போல, ஆனால் நிமிர்ந்து. வழக்கமான சால்வையை விட்டுவிட்டு மெல்பேர்ன்காரர்போலக் கறுப்புக் கோட்டு வேறு. "என்ன பிள்ளை, உன்ர ரயில் பிந்திப் போச்சு. என்ர ரயில் நேரத்துக்கு வந்தது" என்று சொல்லிக்கொண்டே என் பையை வாங்கினார். வேண்டாமென்றேன். விடவில்லை. ஹோப்பர்ஸ் குரோசிங் போகும் வெரிபீ ரயில் எந்த மேடைக்கு வருகிறது என்று பலகையைப் பார்க்காமலே நடந்தார்.

படியில் ஏறும்போது என் தொலைபேசி அடித்தது. அண்ணா. பழைய கோபம் குரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. "அப்பா வீட்டில இல்லை, போனும் எடுக்கிறார் இல்லை. உன்னோட நிக்கிறாரோ? நீ கவனமாய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திடுவாய்தானே?"

எனக்கு நாலு படி மேலே அங்கிள் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டி, கெதியாக வரச் சொன்னார்.

"நான் எங்க அண்ணா கூட்டிக்கொண்டு வாறது?" என்றேன். "அவரெல்லே என்னைக் கூட்டிக்கொண்டு போறார்."