உடைந்த பருப்பு சேர்க்கக் கூடாது

ஓய்வு பெற்ற அரசு ஊழியனுக்கு இரண்டு வேலைகள்தான் மிஞ்சுகின்றன. செய்தித்தாளில் உள்ள பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துவது ஒன்று. கேட்காதவர்களுக்கும் விதிமுறை சொல்வது மற்றொன்று. உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் கூடமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் வீட்டில் வந்து உட்கார்ந்த நான் இரண்டையும் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தேன். அதனால் வெள்ளகோவிலிலிருந்து ஒரு டீச்சர் வந்து, "சத்துமாவு போடறமுங்க சார். ரூல்ஸ் எல்லாம் நீங்கதான் எழுதித் தரோணும்" என்று கேட்டபோது, என்னைவிட என் மனைவிதான் அதிகம் மகிழ்ந்தாள்.

பால்வாடியில் வேலை பார்த்தவர் அவர். "திங்கக்கெழம காத்தால வர்ற புள்ளைகளோட மூஞ்சியப் பாத்தாவே தெரியுமுங்க, ஞாயித்துக்கெழம ஒண்ணும் திங்கலைன்னு. பால்வாடிக்கு வராத கைப்புள்ளைக என்னத்தத் திங்குமுங்க?" என்றார். வேலையை விட்டுவிட்டு, ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லம் போட்டு மாவு அரைத்தார். இரண்டு டீ குடிக்கிற காசுக்கு ஒரு பொட்டலம். டவுன் கடையில் டின்னில் விற்கும் மாவின் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிற வீடுகளுக்கு அது போயிற்று.

நான் இருபத்திரண்டு விதிகள் எழுதிக் கொடுத்தேன். நகம் வெட்டுவது, தலையில் துணி கட்டுவது, அரைத்த தேதியை ஒவ்வொரு பொட்டலத்திலும் முத்திரை குத்துவது, எந்த ஊருக்கு எந்தத் தேதி மாவு போயிற்று என்று நோட்டில் எழுதுவது. பதினோராவது விதி: நிலக்கடலையில் உடைந்த பருப்பு சேர்க்கக் கூடாது. உடைந்த பருப்பில் பூஞ்சை சீக்கிரம் ஏறும். அந்தப் பூஞ்சை ஒரு விஷத்தை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் போகாது, பல நேரங்களில் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் விதிக்குக் காரணம் எழுதுகிற கெட்ட பழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. நானும் எழுதவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்த்துப் பாராட்டு வாங்கிக்கொண்டு வரலாமென்று பஸ் ஏறிப் போனேன். கொட்டகைக்குள் ஒரு அம்மாள் கடலைக்காய்க் குவியல் மேல் குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே நனைத்து, ஈரச் சாக்கு போர்த்திய இன்னொரு குவியல்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றேன்.

"தண்ணி காட்டறனுங்க சார். அப்படியே காய ஒடைக்கற மிசின்ல உட்டா பருப்பு பொடிப்பொடியா ஒடஞ்சுபோயிருமுங்க. நனைச்சு மூடி வெச்சா முத்து முத்தா வரும். நீங்கதான ஒடஞ்ச பருப்பு ஆகாதுன்னு சொல்லிப்போட்டீங்க?"

"முன்னாடியும் இப்படித்தான் நனைப்பீங்களா?"

"முன்னாடி காஞ்ச காயையே மிசின்ல உட்டமுங்க, ஒடஞ்சதையும் சேத்துப் போட்டுருவோம். உங்க ரூல்ஸ் வந்த பொறகுதான் இந்தக் கூத்தெல்லாம்" என்று சிரித்தார்.

அந்தப் பக்கத்து வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான். எனக்குத்தான் தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் கண்ணாடிக் குப்பியில் வந்த மாதிரிகள். கடலைக்காய் உடைபடுவதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஈரச் சாக்கைத் தூக்கினேன். உள்ளே வெதுவெதுப்பு. ஒரு காயை உரித்தேன். பருப்பு முழுசாக, அழகாக, முளை ஓரத்தில் பச்சையும் சாம்பலுமாக ஒரு மெல்லிய பொடியுடன் இருந்தது.

டீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"போன வாரம் கரண்ட் இல்லாம ரெண்டு நாள் நனஞ்சபடியே கெடந்துச்சுங்க சார். அந்தக் கடலையத்தான் அரைச்சு அனுப்பிச்சோம்."

"அந்த மாவு எங்கே போச்சு?"

நோட்டைப் புரட்டினார். காங்கேயம் ரோட்டில் ஒரு காலனி. நான்கு நாளாகிவிட்டது.

டீச்சரும் நானும் அன்று மதியமே போனோம். வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "புள்ளைகளுக்கு ஏதும் ஆயிருமுங்களா?" விஷம் மிகையாக இருந்தால் மஞ்சள் காமாலையாக இறங்கும். குறைவாக இருந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஈரலுக்குள் உட்கார்ந்து வருடக்கணக்கில் காத்திருக்கும். இதில் எதை அவரிடம் சொல்வது? உண்மை வெளியே வந்தால் யாரும் இனி அந்த மாவைத் தொட மாட்டார்கள் என்பதால், முத்திரை தப்பாகிவிட்டது, பொட்டலத்தை மாற்றித் தருகிறோம் என்று சொல்வதாக முடிவு செய்தோம். முடிவு என்னுடையது.

பல வீடுகளில் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசி வீட்டில் வாசலில் உட்கார்ந்து ஒரு தாய் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு மாவை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாள் தவறாமல் இரண்டு வேளை கொடுத்தாளாம். குழந்தை விரல்களை நக்கியது. நான் அதன் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா? மேகமூட்டத்து வெளிச்சத்தில் இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரிந்தது.

குழந்தை தின்பதை ஒருவர் அப்படி வெறித்துப் பார்த்தால் அவர் கையிலும் ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்கு வயிறு வலிக்கும். அவளும் ஒரு உருண்டையை நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க சார்."

வாங்கிவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வெல்ல வாசனை வந்தது. டீச்சர் தரையைப் பார்த்தார்.

அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க ஊட்டுல திங்க மாட்டீங்களாக்கும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பழகிய விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஐயோ, அது இல்லைம்மா."

"பின்ன என்னத்துக்குங்க கையில வெச்சுட்டே நிக்கறீங்க?"

சாதி பார்க்கிறவன் என்ற பெயரோடு திரும்பிப் போயிருக்கலாம். அலுவலக மூளை அதையும் ஒரு கணம் எடைபோட்டது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு சொன்னேன். கடலை கெட்டுப்போயிருக்கலாம், விஷம் இருக்கலாம், தவறு என்னுடையது.

அவள் குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டு மாவை வழித்தெடுத்தாள். குழந்தை வீறிட்டது. "நீங்க திங்கக் கூடாதத எம்புள்ள திங்கலாமுங்களா? முத்திரை தப்புன்னு சொல்லிட்டு வந்தீங்களே!" என்றாள். தெருவே கூடிவிட்டது. யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மாவை நிறுத்தினோம். திரும்ப வாங்கிய பொட்டலங்களிலிருந்து இரண்டு மாதிரிகளைப் பரிசோதிக்கச் சொல்லிப் பழைய அலுவலகச் சகா ஒருவரிடம் கொடுத்தேன். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். அரசு மருத்துவரிடம் காட்டியதில் ஒன்றுமில்லை என்றார். எனக்குப் போதவில்லை. குழந்தை தும்மினாலும் மறுபடி குனிந்து கண்ணைப் பார்த்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று என் கண்ணையும் பார்த்துக்கொண்டேன், ஒரு துளி தின்னாதவன்.

முடிவு வந்தது. ஒரு மாதிரி வரம்புக்குள். மற்றது வரம்பைத் தாண்டி. அந்தக் குழந்தை தின்றது எதைப் போன்றது என்று எந்தக் கூடமும் சொல்லாது.

தாளை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டாள். குழந்தை மடியில் இருந்தது. நீர்த்த கஞ்சித் தண்ணீர் டம்ளரில் இருந்தது. இரண்டு வாரத்தில் கன்னம் வற்றியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் டீச்சர் சொன்ன திங்கட்கிழமை எனக்குப் புரிந்தது.

"அப்ப நல்ல மாவு எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

தை மாதம் வந்தது. பதினோராவது விதியை அடித்துவிட்டு, பெண்களோடு உட்கார்ந்து மாற்றி எழுதினேன்: கடலைக்காயில் தண்ணீர் படக் கூடாது, வெயிலில் காயவைத்துக் கையால் உரிக்க வேண்டும், சொத்தையைப் பொறுக்கிவிட வேண்டும், உரிக்கும்போது உடைந்தது அன்றைக்கே வறுபட வேண்டும். கீழே முதல் முறையாகக் காரணமும் எழுதினேன்.

முதல் பொட்டலத்தை நானே அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். பரிசோதனை முடிவு பையில் இருந்தது; அவள் கேட்கவில்லை. மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து முதல் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். குழந்தை கையை நீட்டியது. "இரு கண்ணு, அவரு முழுங்கட்டும்" என்று தடுத்தாள்.

வாயில் போட்டேன். கசப்பு ஏதாவது தட்டுகிறதா என்று நாக்கு தேடியது. அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிக் காட்டினேன்.

"இன்னொண்ணு" என்றாள்.