கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

சனிக்கிழமை அரைநாள் கந்தோர் வேலை முடிந்ததும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து சைக்கிளில் நேரே உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போய்விடுவேன். நானும் நண்பர்கள் ஏழெட்டுப் பேரும் எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்போம். இடைவேளைக்குப் பிறகு கோல்காப்பாளர் மறுபக்கம் மாறினால் நாங்களும் மாறுவோம். அவரை ஏசிக் குழப்புவதுதான் எங்கள் வேலை.

களப்பைப் படகில் கடந்து வரும் கிண்ணியா அணியின் கோல்காப்பாளரிடம்தான் எங்கள் தொண்டை அதிகம் செலவானது. நெட்டையான மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பந்தைத் தவறவிட்டால் “ஓட்டைக் கூடை” என்போம். பிடித்துவிட்டால் கோபத்தில் அவருடைய தாயை இழுப்போம். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு போட்டியில் பாய்ந்து பந்தைத் தடுத்தவர், தோள் கம்பத்தில் மோதி விழுந்தார். எழும்பவில்லை. பக்கத்தில் நின்றவன் நான். ஓட்டோ ஒன்றை மறித்து, அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்.

“பின்னால நிண்டு கத்துறது நீங்கதானே, தம்பி?”

“ஓம், நானா.” முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“குரல் தெரியும்.” வலியில் கண்ணை மூடிக்கொண்டார். “என்னைய எவ்வளவெண்டாலும் ஏசுங்க. உம்மாவ விடுங்க. எங்கட பொடியன்மார் அதையெல்லாம் அவவிட்டப் போய்ச் சொல்றானுகள். கேட்டுச் சிரிக்கிறா. ஆனா இப்ப நான் விளையாடப் போகக்குள்ள முந்தி மாதிரி வழியனுப்ப வாசலுக்கு வாறல்ல.”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்வரை அவருடைய சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தேன்.

அடுத்த பருவத்தில் அவர் திரும்பி வந்தார். எங்கள் ஆட்கள் வழக்கம்போலத் தொடங்கினார்கள்.

“தாயை விடுங்கோடா,” என்றேன்.

“கட்சி மாறிட்டியோ?” என்று சிரித்தார்கள். சிலர் விட்டார்கள், சிலர் விடவில்லை. நான் “ஓட்டைக் கூடை” என்று மட்டும் கத்தினேன். அன்றுதான் அவர் முதல்தடவை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது. மைதானத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் வருகிறார்கள். கெட்ட வார்த்தை பேசினால் வெளியேற்றுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். இளைஞர்கள் கைபேசியில் படம் பிடித்தபடி பார்க்கிறார்கள். போன மாதம் எங்கள் அணிக்கும் கிண்ணியாவுக்கும் நடந்த போட்டிக்கு நான் மனைவியோடு போயிருந்தபோது, நரைத்த தாடியோடு அவர் வந்து பக்கத்தில் இருந்தார். கச்சான் கடலைச் சரையை நீட்டினேன்.

“எங்கட காலத்தில பந்து வாறத்துக்கு முன்னால உங்கட சத்தம் வரும்,” என்றார். “இப்ப கோலுக்குள்ள நிக்கிறவன் தனிச்சுப்போனான்.”

“இது நல்லதுதானே, நானா?”

“நல்லதுதான்.” கொஞ்ச நேரம் கச்சான் உடைத்தார். “எண்டாலும் அந்தச் சத்தம் இல்லாம ஒரு மாதிரித்தான் இருக்கு.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மனைவி பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் கிண்ணியா கோல் போட்டது. அவர் எழும்பிக் கை தட்டினார். நான் எழும்பவில்லை.