ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்ற கம்ப்யூட்டர்

வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். மழையில் ரயில்கள் நின்றுவிட்டன. "பத்து மணிக்குள்ள வீட்டுலேருந்து லாகின் பண்ணும்மா. இல்லேன்னா உன் க்ளையன்ட்டை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டிவரும்" என்று போனில் சொல்லிவிட்டார் மேனேஜர். தாராவியில் எங்கள் வீட்டில் இருப்பதோ அண்ணன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர்.

அலுவலக வி.பி.என். இணைப்பை அதில் போட்டேன். 'சான்றிதழ் செல்லாது' என்றது. பாஸ்வேர்டை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். மொபைல் நெட்டிலும் முயன்றேன். அதே பதில்தான். மணி ஒன்பதே முக்கால். ஆத்திரத்தில் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் மொத்தமாக அழித்துவிடப் போனேன்.

தங்கை ஜெனி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, இன்னைக்குப் புதன்கிழமைல்லா? இதுல ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு. கோயிலுக்குக் கிளம்பலியா?"

திரையின் மூலையைப் பார்த்தால், 2012 ஜனவரி ஒன்று! கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்போம். அணைத்ததும் கடிகாரம் பழைய தேதிக்கே ஓடிவிடுகிறது. அலுவலகம் இந்த வருஷம் கொடுத்த சான்றிதழை 2012 எப்படி ஒப்புக்கொள்ளும்?

தேதியைத் திருத்தி ஒரு கிளிக். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு உள்ளே போய்விட்டேன்! எங்கள் டீமில் அன்று முதலில் நுழைந்தது நான்தான்.

மறுநாளே புது பேட்டரி போட்டாயிற்று. இப்போதெல்லாம் எதையும் அழிப்பதற்கு முன் மூலையிலுள்ள தேதியைப் பார்க்கிறேன். அது சரியாக இருந்தால், ஜெனியைக் கூப்பிடுகிறேன்.