கருமாதிக்கு வந்த செபாராவ்

என் கணவர் சத்தியசீலன் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆற்றில் தூண்டில் போட்டார். ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவில் இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பெயர் வைப்பார்களோ அதைத்தான் அவருக்கும் வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் போவார். மீனைப் பிடிப்பார், அளப்பார், விட்டுவிடுவார். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி ஒரு டின் சார்டின் வாங்கி வருவார். முழங்கால் வரை சேறு, முகத்தில் கொசுக்கடி, கையில் தக்காளிச் சாற்றில் ஊறிய சார்டின். இதைப் பார்த்துச் சிரிக்காத அண்டை வீட்டார் இருந்தால் அவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் அவர் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேரம் கண்ணுக்குத் தெரியாததை அளப்பது அவருடைய வேலை. ஓய்வு நாளிலாவது கண்ணுக்குத் தெரிவதை அளக்கலாமே என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மீன் ஆராய்ச்சிக் குழு தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றார். சம்பளம் கிடையாது என்று சொன்ன பிறகும் நின்றார்.

வேலை இதுதான். மூடா ஆற்றின் கிளைகளில் செபாராவ் மீனைப் பிடிக்க வேண்டும். முதுகுத் துடுப்பின் அடியில் நூல் போன்ற ஒரு மஞ்சள் குறியைக் குத்தி, நீளத்தை எழுதிக்கொண்டு, திரும்ப விட வேண்டும். அதே மீன் மறுபடி யாரிடமாவது சிக்கினால், அது எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு தூரம் போனது, முட்டையிடும் வயதுவரை எத்தனை மீன்கள் தப்புகின்றன என்பதெல்லாம் தெரியவரும். ஆராய்ச்சிக்காரர்கள் வெளிமாநிலத்தில் இருந்ததால், குறியில் மீனின் எண்ணோடு இவருடைய கைபேசி எண்ணை அச்சடித்துவிட்டார்கள். மீனை விட்டுவிட்டு அழைப்பவருக்குப் பரிசாக ஒரு நீலத் தொப்பி.

அழைப்புகள் வரத்தான் செய்தன. இவர் மூன்றே கேள்விகள் கேட்பார். எவ்வளவு நீளம்? எங்கே பிடித்தீர்கள்? மறுபடி விட்டீர்களா?

ஒருவர் மீனை அஸாம் பெடாஸ் புளிக்குழம்பாக வைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, எலும்புகளோடு கிடந்த குறியைப் பார்த்து அழைத்தார்.

"ரொம்ப ருசியா இருந்துச்சு பாஸ். தொப்பி எப்ப வரும்?"

"நீளம் எவ்வளவு இருந்துச்சுண்ணே?"

"சட்டி கொள்ளல பாஸ்."

இவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சட்டியின் அகலத்தைக் கேட்டிருப்பார், அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். தொப்பிப் பெட்டி எங்கள் அலமாரியின் மேல் ஆறு ஆண்டுகள் இருந்தது. ஒரு தொப்பிகூடக் குறையவில்லை.

போன மாதம் ஷிப்ட் முடிந்து, காரின் கதவைத் திறந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், பிறகு எழவில்லை. வயது ஐம்பத்து நான்கு. எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தவர், இரத்த அழுத்தத்தை மட்டும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்.

கருமாதிப் பொறுப்பை அவருடைய அண்ணன் அம்மாசி எடுத்துக்கொண்டார். நாற்பது வருடம் லோரி ஓட்டியவர். எதையும் வழியில் நிறுத்த மாட்டார். படத்தின் முன்னால் வைக்க, தம்பி ஆசையாக வைத்திருந்த பொருள் ஏதாவது கொடு என்றார். நான் அந்த மீன் நோட்டைக் கொடுத்தேன். நோட்டைப் படித்தவள் செய்யக் கூடாத தவறு அது. எந்த மூங்கில் புதருக்குக் கீழே, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கும்போது, எந்த இரைக்கு எந்த மீன் வந்தது என்று ஆறு ஆண்டுகள் ஒரு ஓய்வு நாள் விடாமல் எழுதியிருந்தார். மீன்களைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது. மீன் பிடிப்பதற்கு அதைவிட நல்ல கையேடு கெடாவில் கிடையாது.

கருமாதிக்கு முதல் நாள் மத்தியானம், அம்மாசி மாமா வேனில் ஒரு நீலப் பீப்பாயோடு வந்து இறங்கினார். உள்ளே காற்று பம்பு குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. குமிழிகளுக்கு நடுவே, விலாவில் கறுப்புப் பட்டையோடு ஒரு பெரிய செபாராவ்.

"பாத்தியா தேவகி? தம்பி எழுதி வச்ச எடத்துக்கே போனேன். மூணாவது வீச்சுல மாட்டிக்கிச்சு. உசுரோட கொண்டாந்துட்டேன், நாளைக்கு ஃப்ரெஷ்ஷா வெட்டிடலாம்."

என் நாத்தனார் இராசாத்தி அம்மியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, என்னா சைஸு! அண்ணி, தேங்காப்பால் ஊத்தவா, வெறும் புளியா?"

மீன் திரும்பியது. துடுப்பின் அடியில் மஞ்சள் குறி. 417.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். இவரிடமே மூன்று முறை சிக்கி, நோட்டில் மூன்று முறை வந்த ஒரே மீன் அது. முதலில் இருபத்தொன்பது சென்டிமீட்டர், பிறகு முப்பத்தாறு, போன டிசம்பரில் நாற்பத்து மூன்று. மற்ற ஆண்கள் பதவி உயர்வைச் சொல்வதுபோல இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். பெண் மீன், இன்னும் பல மழைக்காலம் முட்டையிடும் என்றார். நாளைக்கு அது சட்டிக்குள் போனால், ஆறு ஆண்டுகளில் அவர் தொடர்ந்து பார்த்த ஒரே மீனும் மிச்சமில்லை.

"வேணாம் மாமா. இத ஆத்துலயே விட்டுடலாம்."

"என்னம்மா பேசுற? செத்தவனுக்கு ஆசப்பட்டதப் படைக்கணும்."

"அவரு இதத் திங்க ஆசப்படல."

"பின்ன எதுக்கு இருவது வருசமா கொசுக்கடி பட்டான்? கேலிக்குப் பயந்துதான் விட்டுட்டு வந்திருப்பான், பாவம். நாளைக்காச்சும் வயிறாரச் சாப்பிடட்டும்லா."

"அண்ணி மீன புள்ளையாட்டம் பாக்குறாங்க," என்றாள் இராசாத்தி. "நான் புளியே கரைக்கிறேன்."

துக்க வீட்டில் விதவையின் பேச்சுக்கு என்ன மதிப்போ, அதுதான் என் பேச்சுக்கும் கிடைத்தது.

அப்போது மாமாவின் கண்ணில் குறி பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பீப்பாய்க்குள் குனிந்தார்.

"இதுல ஒரு நம்பர் இருக்கே. ஆமா, போன் பண்ணா தொப்பி குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்லா. அந்தத் தொப்பிய எதுக்கு விடணும்?"

ஒவ்வொரு எண்ணாகப் படித்து ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் அவருடைய திரையில் 'தம்பி' என்று வந்தது.

அதே நொடியில் கூடத்தில், மாலை போட்ட படத்தின் முன்னால், தவளைகள் கத்தத் தொடங்கின. ஆற்றோரத்தில் என் கணவரே பதிவு செய்து தன் கைபேசிக்கு அழைப்பு மணியாக வைத்திருந்த சத்தம். அந்தக் கைபேசிக்கு நான்தான் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

இராசாத்தியின் கையிலிருந்த புளிக் கிண்ணம் அப்படியே நின்றது. மாமா கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன.

"எடுக்க ஆளில்ல மாமா," என்றேன். "எடுத்திருந்தா மூணு கேள்வி கேட்டிருப்பாரு. நீளம் எவ்வளவு?"

"அளக்கல."

"எங்க பிடிச்சீங்க?"

"அவன் எழுதி வச்ச எடத்துல."

"மறுபடி விட்டீங்களா?"

தவளைகள் தாமாக நின்ற பிறகு, மாமா வேன் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

ஆற்றங்கரையில் என் கணவரின் அளவுப் பலகையை நனைத்து நான் அளந்தேன். நாற்பத்து நான்கு. மாமா கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நோட்டில் படித்திருக்கிறார். வெகுநேரம் ஆனது. பிறகு மீன் ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

"போய்ட்டு வா தம்பி," என்றார். அது பெண் மீன் என்று நான் திருத்தவில்லை.

நோட்டில், கடைசிக் கட்டத்தில், 'விடப்பட்டது' என்று எழுதினேன். பிடித்தவர் பெயர்: அம்மாசி.

மறுநாள் வாழை இலையில் சோறு, வடை, ஒரு ஸ்டவுட் பியர் பாட்டில். நடுவில், திறந்த சார்டின் டின். கருமாதி செய்ய வந்தவர் டின்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா வேட்டி கட்டியிருந்தார். தலையில் புத்தம் புதிய நீலத் தொப்பி.

"ஐயா, கும்பிடும்போது அதக் கழட்டிடலாமே."

"சும்மா வந்த தொப்பி இல்லீங்க," என்றார் மாமா. "விட்டவனுக்குத்தான் இதக் குடுப்பாங்க."

கழற்றவில்லை.