ஆவுடைத்தாய் அடைத்த ஓட்டைகள்

குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் ஆண்களுக்கு உடை மாற்ற அறை தேவைப்பட்டதில்லை. இடுப்பில் ஒரு துண்டு இருந்தால் போதும். நடுரோட்டில் நின்று, பரோட்டா தின்ன எந்தக் கடைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டே காரியத்தை முடித்துவிடுவார்கள். பெண்களுக்குத்தான் அறை வேண்டும். அருவிக்குப் போகும் பாதையில், என் கடைக்கும் ஹைருன் பீவியின் சிப்ஸ் கடைக்கும் நடுவில், நாலு பக்கமும் தகரம் அடித்த அப்படி ஓர் அறை இருக்கிறது. சீசனில் அதன் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவள்தான் ஆவுடைத்தாய்.

என் பெயர் அய்யாக்குட்டி. துண்டு, நைட்டி, அரைக்கால் சட்டை, சோப்பு விற்கிறேன். பத்தொன்பது சீசன்களாக அவளுக்குப் பக்கத்துக் கடைக்காரன். என் கடைச் சுவருக்கும் அந்தத் தகரத்துக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து உண்டு. ஆண்கள் அங்கே ஒதுங்குவார்கள். நாற்றம் தாங்காமல் நான்தான் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போடுவேன்.

ஆவுடைத்தாய் மேலகரத்தில் பிறந்து மேலகரத்திலேயே வாக்கப்பட்டவள். கணவன் லாரி கிளீனர். ஒருநாள் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனவன் திரும்பி வரவில்லை. செத்தானா, அந்தப் பக்கம் ஒரு குடும்பம் வைத்துக்கொண்டானா என்று கேட்டால், "போனவரு போயிட்டாரு" என்பாள். பீடி சுற்றி மகள் அனுசியாவை வளர்த்து, சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்தாள். மற்ற மாதங்களில் இப்போதும் பீடிதான். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் வந்துவிட்டால் ஸ்டூலோடு இங்கே வந்துவிடுவாள்.

அவள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். அறைச் சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் முடிந்திருப்பாள். ஜாக்கெட்டில் ஒரு வரிசை ஊக்கு எப்போதும் இருக்கும், கொக்கி அறுந்து வருகிற பெண்களுக்காக. நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கமாட்டாள். பார்வை ரோட்டில் இருக்கும், வாய் மட்டும் உள்ளே போய்விடும். "ஏட்டி, உள்ள என்ன சீமந்தமா நடக்குது? வெளிய நாலு பேரு வெடவெடன்னு நிக்காவ, சீக்கிரம் வா!"

பல வருடங்களுக்கு முன்னால், உள்ளே போன ஒரு கல்லூரிப் பெண் பாதி ஈரத்தோடு அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தாள். தகரத்தில் விரல் நுனி அளவுக்கு ஓர் ஓட்டை, அதில் ஒரு கண். ஆவுடைத்தாய் சுற்றி ஓடுவதற்குள் ஆள் போய்விட்டான். அறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த காண்டிராக்டரிடம் சொன்னதற்கு, "தகரம்னா ஓட்டை விழத்தான் செய்யும்" என்றார். அவள் பஞ்சை வைத்து அடைத்தாள். வெளியே இருந்து குச்சியால் குத்தித் தள்ளினார்கள். சோப்பை அப்பினாள். அதையும் தள்ளினார்கள். கடைசியில் ஹைருன் பீவி சிப்ஸோடு சேர்த்து விற்கும் மூலிகை எண்ணெய் பாட்டிலின் கறுப்பு மூடியை வாங்கி, எம்-சீல் பசையைப் பிசைந்து, உட்பக்கத்தில் வைத்து ஒட்டினாள். இறுகிய பிறகு எவனாலும் தள்ள முடியவில்லை. அவர்கள் வேறு இடத்தில் புது ஓட்டை போட்டார்கள், இவள் இன்னொரு மூடி வைத்தாள். வருடாவருடம் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை காலை. கடை திறந்து துண்டுகளை விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. பதினெட்டு வினாடி. ஒரு பெண்ணின் விரல், தகரச் சுவர், அதில் கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று ஒரு புள்ளி. கீழே, "குற்றாலம் போகும் தாய்மார்களே உஷார்! உடை மாற்றும் அறையில் ரகசியக் கேமரா! பெண்ணைப் பெற்றவர்கள் அனைவருக்கும் பகிரவும்."

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். உடனே வியாபாரிகள் குழு, மேலகரம் சொந்தக்காரர்கள் குழு, கூடப் படித்தவர்கள் குழு என்று மூன்றுக்கும் தள்ளிவிட்டேன். அது எந்த அறை என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. பத்தொன்பது சீசனாக அந்த அறையின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்தவன் நான்.

மதியத்துக்குள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் வந்தவன் சுடலைராஜ். தென்காசியில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான், குலமகள் காப்பு இயக்கம் என்று ஒன்றை நடத்துகிறான். சொந்தக் கடை என்பதால் பேனருக்குப் பஞ்சமில்லை. "எவன்லே கேமரா வச்சது? ஆம்பளயா இருந்தா வெளிய வாலே!" என்று தகரத்தை அறைந்தான். ஸ்டூலில் இருந்து எழுந்து வந்தது ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை.

"ஆச்சி, எவ்வளவு நாளா இது நடக்குது? யாரு ஒமக்குப் பின்னால இருக்கா?"

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ போனைக் காட்டினார்கள். உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது, சிரிக்கக்கூடச் செய்தாள். "ஐய, இதுவா? இது எண்ணெ பாட்டில் மூடில்லா? நான்தான் வச்சேன்."

சுற்றி முப்பது போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, அவள் சிரிப்பதையும் "நான்தான் வச்சேன்" என்பதையும் மட்டும் அனுப்பினான். முதல் வீடியோவுக்கு நான் பொறுப்பில்லை, இரண்டாவதுக்கும் பொறுப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வீடியோ தென்காசிக்குள் வந்த வழியில் என் பெயரும் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

காவல்துறையிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தார். ஸ்க்ரூடிரைவரை விட்டு அந்த மூடியை நெம்பி எடுத்தார். பின்னால் காய்ந்த எம்-சீல், அதற்குப் பின்னால் ஓட்டை. கையில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "மூடிங்க. பாத்துக்கிட்டீங்களா? எட்டிப் பாக்கவனத் தடுக்கதுக்கு அந்தம்மா வச்சிருக்காங்க. கலைஞ்சு போங்க."

கூட்டத்தின் முகம் வாடிவிட்டது. கேமரா இல்லை என்பதில் ஒருவருக்கும் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. ஓட்டை போட்டவன் யார் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. சுடலைராஜ்தான் சுதாரித்தான். "இன்னைக்கு இல்ல, சரி. நாளைக்கு வைக்கமாட்டானுவன்னு என்ன நிச்சயம்? நம்ம பொம்பளையளுக்குப் பாதுகாப்பு வேணும்னா இந்த ரூமப் பூட்டணும்!" கைதட்டினார்கள். பெண்கள் நைட்டியோடு குளிக்கக் கூடாது என்றும் ஒரு கோரிக்கை சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வந்ததே வந்தோம் என்று எல்லோரும் ஜட்டியோடு அருவியில் நின்றுவிட்டு, புளியறைப் பக்கம் கோழி தின்னப் போனார்கள்.

சாயங்காலம் காண்டிராக்டர் வந்து அறையைப் பூட்டினார். "கொஞ்ச நாளைக்கு நீ இங்கன வராத ஆவுடை" என்று கையை நீட்டினார். அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். அவர் போன பிறகும் கை இடுப்பையே தடவிக்கொண்டிருந்தது.

"வேலை போனா போவுது அண்ணாச்சி" என்றாள் என்னிடம். "கேமரா வச்சவள்னு பேரு நின்னுரக் கூடாது. அனுசியா போன் பண்ணி அழுதா. அவ மாமியா வீட்டுல எல்லாருட்டயும் அந்த வீடியோ இருக்காம்."

அன்றே போலீஸ் சொன்னதை முழுசாக எழுதி, அதே மூன்று குழுக்களுக்கும் அனுப்பினேன். வியாபாரிகள் குழுவில் ஒருவர் கட்டைவிரல் காட்டினார். சொந்தக்காரர்கள் குழுவில் அதற்கு அடுத்ததாக ஒரு ரோஜாப் பூ வந்து உட்கார்ந்தது. காலையில் பார்த்தால் வீடியோ துபாய் வரைக்கும் போயிருக்கிறது, மூடிச் செய்தி மேலகரத்தைத் தாண்டவில்லை. கூடப் படித்தவர்களில் மூன்று பேர் மட்டும் தனித்தனியாக எனக்கு எழுதியிருந்தார்கள். மூன்று பேருமே பேரன் பேத்தி எடுத்தவர்கள். கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் கேமராவில் எடுத்தது எதுவும் உன்னிடம் இருக்கிறதா?"

அறை பூட்டிக் கிடந்தது. கதவில் "பெண் மானம் காப்போம்" என்று சுடலைராஜ் கடையின் பிளக்ஸ் தொங்கியது. அதற்குக் கீழேயே, குளித்து வந்த பெண்கள் ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உடை மாற்றினார்கள். ரோட்டில் போகிற பைக்குகள் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போயின. மூன்றாம் நாள் ஆவுடைத்தாய் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்து இரண்டு போர்வை கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் சேர்த்து முடிந்து, ஒரு முனையைப் பூட்டில் கட்டி, மறுமுனையைக் கைகளில் விரித்துப் பிடித்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

சிலர் அவளை அடையாளம் கண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். "அவதான்டி இவ" என்று ஒருத்தி சொன்னது என் கடை வரைக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். கை தாழவில்லை. அருவித் தண்ணீரில் நடுங்கி வந்தவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் நுழைந்தார்கள்.

ஒன்பதாம் நாள் சுடலைராஜ் குடும்பத்தோடு குளிக்க வந்தான். அவன் மனைவியும் மாமியாரும் ஈரம் சொட்டச்சொட்ட அவன் பிளக்ஸின் கீழே வந்து நின்றார்கள்.

"ஆச்சி, கொஞ்சம் தொறந்து விடுங்களேன்" என்றான்.

"எங்கிட்ட ஏதுய்யா சாவி?" என்றாள் ஆவுடைத்தாய். குரலில் குத்தல் எதுவும் இல்லை. போர்வையின் மறுமுனையை அவன் கையில் கொடுத்தாள். "இந்தா, இதப் புடி. திரும்பாம ரோட்டப் பாத்து நில்லு."

அவன் நின்றான். போகிற பைக்குகளில் இருந்து வருகிற பார்வையெல்லாம் அவன் முகத்தில் பட்டுத்தான் போர்வைக்கு வந்தது. இரண்டு பேரை ஏலே ஏலே என்று திட்டினான். மனைவி வெளியே வந்த கையோடு காண்டிராக்டருக்குப் போன் போட்டான். மறுநாள் அறை திறந்தது. "எங்கள் தொடர் போராட்டத்தால் பெண்கள் அறை திறப்பு" என்று பழைய பிளக்ஸின் மேலேயே புதுசு வந்தது. சாவி ஆவுடைத்தாயின் இடுப்புக்குத் திரும்பியது. நான் கடையிலிருந்த நல்ல துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சந்தோஷம்" என்று வாங்கிக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வாரம் அறைக்குள் போன பெண்கள் எல்லோரும் வீடியோவைப் பார்த்தவர்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக ஹேர்பின்னாலும் சாவியாலும் ஒவ்வொரு மூடியாக நெம்பிப் பார்த்தார்கள். கேமரா இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டார்கள். நாலே நாளில் ஒரு மூடி பாக்கியில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், ஆவுடைத்தாய் என் கடைக்கு வந்தாள். ஒரு பாக்கெட் எம்-சீலும், பை நிறைய மூடிகளும் கையில் இருந்தன.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, புரை விழுந்துட்டு. பொடி ஓட்டையெல்லாம் தெரிய மாட்டேங்குது. நீங்க உள்ள நின்னு வெளிச்சம் வார எடத்தச் சொல்லுங்க. நான் வெளியயும் அடைச்சிருதேன்."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "ஆவுடை, அந்த வீடியோவ நானும் அனுப்புனேன்மா. மூணு குரூப்புக்கு" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஹைருன் பீவி அன்னைக்கே காட்டுனா. ஒங்க பேரு இருந்துச்சு."

"பெறவு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு?" என்றாள். எம்-சீலைப் பிசைய ஆரம்பித்தாள். "வருத்தமாத்தான் இருந்துச்சு. உள்ள போங்க, ஆளு வந்துரும்."

பெண்கள் அறைக்குள் போகக் கூச்சமாக இருந்தது. போனேன். அவள் வெளியே இருந்து கதவைச் சாத்தினாள். இருட்டு. கண் பழகப் பழக, தகரத்தில் வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஹைருன் பீவி கடைப் பக்கம் ஒன்று. பின்பக்கம் இரண்டு. மிச்சம் எட்டும் என் கடைப் பக்கம், அந்தச் சந்தில். எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், குனிந்து நிற்கிற ஓர் ஆளின் கண் உயரம்.

அந்தச் சந்தில் எத்தனை ஆண்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒதுங்கப் போகிறவனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அது எனக்கு எல்லா வருடமும் தெரிந்திருக்கிறது. நான் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வெளியே சுற்றி வந்தாள். நான் இடம் சொல்லச் சொல்ல, அவள் விரல் வந்து வெளிச்சத்தை மறைக்கும், பிறகு எம்-சீல் மறைக்கும். ஒன்றொன்றாக அணைந்துகொண்டு வந்தன. கடைசியாக ஒன்று என் இடுப்புக்கு நேராக மிஞ்சியது.

"இன்னும் ஒண்ணு இருக்கு தாயி. எங்கடைப் பக்கம், கொஞ்சம் கீழ."

"எங்கன?" என்று குனிந்தாள்.

ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. அவள் கண்தான். நான் வேட்டியும் சட்டையும் போட்டு முழுசாகத்தான் நின்றேன். ஆனாலும் என் இரண்டு கையும் தானாக வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டன, உடம்பு மூலையைப் பார்க்க ஒடுங்கியது.

"மூடு தாயி" என்றேன். "சீக்கிரம் மூடு."