நாற்பத்தொரு சந்தாதாரர்கள்

கல்லூரி முடித்த வருடம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கூட்டமில்லாத மதியங்களில் தமிழில் ஒரு வலைப்பதிவு எழுதினேன். மின்னஞ்சல் வழியாக அதைப் பெறுகிறவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி காட்டும்; புதிதாகச் சேருகிறவர்கள் முகவரியைப் போடுவதும் அதில்தான். மூன்று மாதமாக அதில் ஆறு என்றே இருந்தது.

மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போன அப்பா தினமும் கேட்பார். "இன்னிக்கு எத்தினி பேரு?" ஆறு என்றால் குறைவு என்று அவர் சொன்னதே இல்லை. எனக்குத்தான் அதைச் சொல்லக் கூச்சம்.

சென்டரில் ஒரு நோட்டு உண்டு. புதிதாக மெயில் ஐடி தொடங்குகிறவர்கள், மறந்துவிடுமென்று முகவரியையும் பாஸ்வேர்டையும் அதில் எழுதவைத்துவிட்டுப் போவார்கள். அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு முகவரியாக என் சந்தாப் பெட்டியில் போட்டேன். உறுதி செய்யச் சொல்லி அவர்களுக்கு வந்த மெயிலையும் நானே திறந்து, நானே அழுத்தினேன். பிடிக்காதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் மெயிலைத் திறக்கவே தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் பெட்டி நாற்பத்தொன்று காட்டியது. அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்துத் துணிக்கடையில் அரியாங்குப்பத்து அக்கா ஒருத்தி வேலை செய்தாள். துபாய்க்குப் போன கணவர் எழுதுவார் என்றுதான் ஐடி தொடங்கியிருந்தாள். ஒருநாள் அவள் வந்து கேட்க, அவளுடைய மெயிலைத் திறந்தேன். திரையில் இன்னும் படிக்காத மெயில்கள், தடித்த கறுப்பில் பதினோரு வரிகள்.

"பதினொண்ணா!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு. மொதல்ல வந்தத படி பாப்பா."

பதினொன்றும் என் பதிவுகள்.

"இதெல்லாம் நான் எழுதுனதுக்கா. அவரு எதுவும் அனுப்பல."

"நீ எதுக்கு எனக்கு எழுதுற?"

"படிக்கிறவங்க எண்ணிக்கை கூடும்னு..."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரம் பிடித்தது. பிறகு எழுந்து போனாள்.

அன்றே நான் போட்ட முப்பத்தைந்து பேரையும் எடுத்தேன். அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீக்கடையில நான் இன்னான்னு சொல்றது?" என்றார். அதற்கப்புறம் அவர் எண்ணிக்கை கேட்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். பழைய பதினோரு வரிகளுக்கு மேல் திரையில் புதிதாக எதுவும் இல்லை.

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்லக்கா."

"உன்னுதுகூட?"

"உங்க பேர எடுத்துட்டேன்."

"நல்லா இருக்குடி உன் நியாயம். போடும்போதும் கேக்கல, எடுக்கும்போதும் கேக்கல."

என் வலைப்பதிவைத் திறந்து, நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, சந்தாப் பெட்டி இருக்கும் இடத்தை மட்டும் காட்டினேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி முகவரியை அடித்தாள். உறுதி செய்யும் மெயில் வந்தது. அதையும் அவளே அழுத்தினாள். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பாஸ்வேர்டு இருந்த மூலையைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"வாரத்துக்கு ஒண்ணு போதும். அவரு மெயிலு வந்தா உன்னுதுக்குள்ள மறஞ்சிடப் போவுது."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அப்பா கேட்காமலே சொன்னேன். "ஏழு பேருப்பா."

நிமிர்ந்து பார்த்தார். "யாரு புதுசு?"

சொன்னேன்.