துடைக்காத சுவர்

எலினெட் சுத்தக்காரி. ரோந்தா பள்ளத்தாக்கில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் சலிப்போடுதான் சொல்வார்கள். பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பால்காரரிடம் திருப்பித் தரும் காலி பாட்டிலைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வாசலில் வைப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வாசற்படியைத் தேய்ப்பாள், மழை கொட்டினாலும்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் படுக்கையறையில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெளியே கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் விரிசல் விட்டு, இரண்டு குளிர்காலமாக வடக்குச் சுவர் ஊறிக்கொண்டிருந்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். கணவர் எம்லின் பஸ் ஓட்டியவர், நெஞ்சு பலவீனம். இந்த ஈரத்தில் இன்னொரு குளிர்காலம் படுத்தால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்ததோ அந்த ஒரே படுக்கையறை.

வாடகை வீடு. பழுது பார்க்க வேண்டியது அதை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுச் சங்கம். அங்கிருந்து ப்ராஸர் என்பவர் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் அவர் வருவதற்கு முந்தின நாளே எலினெட் பிளீச் வாளியோடு மண்டியிட்டுச் சுவரை வெளுத்துவிட்டாள். அந்நிய மனிதர் வந்து பார்க்கும்போது வீட்டை அப்படியா போட்டு வைப்பது? கடிதம் வந்தது: ‘பூஞ்சை காணப்படவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கவும்.’ இரண்டாவது கடிதமும் அதே.

மூன்றாவது முறைக்கு நாள் குறித்ததும் எம்லின் கறாராகச் சொன்னார்.

“இந்தத் தடவை வாளியைத் தொட்டே, உன்கிட்ட பேசமாட்டேன்.”

“பேசினாத்தான் உனக்கு இருமல் வருதே. பேசாமலே இரு.”

“அவர் என்ன உன் மாமியாரா, எலினெட்? சுவரைப் பார்க்க வர்றார். பார்க்கறதுக்கு ஏதாவது விட்டு வை.”

மூன்று வாரம் விட்டு வைத்தாள். தேவாலயத்துப் பெண்கள் தேநீருக்கு வந்த அன்று படுக்கையறைக் கதவைப் பூட்டிச் சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ப்ராஸர் வரவேண்டிய காலையில் மட்டும் கை கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, உள்ளங்கை அகலத்துக்குச் சுவரைத் துடைத்துவிட்டாள். பக்கத்து அறையில் எம்லின் இருமினார். துணியைக் கீழே வைத்தாள்.

ப்ராஸர் அலமாரியை நகர்த்தினார். இடுப்பளவுக்குக் கறுத்துப்போன சுவர். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்ததும் அது விடாமல் கத்தியது.

“ஏம்மா, இவ்வளவு வளர விட்டிருக்கீங்களே? அப்பப்போ ஒரு துணியால துடைச்சிருக்கலாமே?”

எம்லின் வாயைத் திறந்தார். எலினெட் கண்ணாலேயே அடக்கினாள். அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எந்தப் பேச்சுக்குப் பயந்தாளோ அதை அவள் படுக்கையறையில் நின்று, ஷூவைக்கூடத் துடைக்காமல் வந்த ஒருவர் சொல்லிவிட்டார்.

“தப்புதாங்க. எனக்கு அந்தக் கவனமெல்லாம் பத்தாது,” என்றாள். “அந்த வெளிக்குழாயையும் எழுதிக்கிட்டீங்களா?”

எழுதிக்கொண்டார். குழாய் மாற்ற, சுவர் பூச, வியாழக்கிழமை ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“உனக்குக் கவனம் பத்தாதா?” என்றார் எம்லின். “கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்படி ஒரு பொய் நீ சொன்னதில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, ‘துடைச்சாப் போயிடுதுல்ல’ன்னு அதையும் எழுதிட்டுப் போயிருப்பார். உனக்கு மூச்சு வேணுமா, எனக்குப் பேர் வேணுமா?”

எம்லின் அவள் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்தார்.

வியாழக்கிழமை வரை எலினெட் அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை. நடைபாதையில் ப்ராஸர் விட்டுப்போன ஷூ அச்சை மட்டும் அன்றே துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள்.